ஏசி குளிரவில்லை, வாளி மட்டும் நிறைகிறது

கேள்வி: எங்கள் படுக்கையறை 12 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. 1 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி போட்டு மூன்று வருடம் ஆகிறது. வறண்ட வெயில் நாட்களில் 32 டிகிரியில் இருக்கும் அறை இருபது நிமிடத்தில் 25-க்கு வந்துவிடும். இப்போது மழைக்காலப் புழுக்கம். அறையில் அதே 32 டிகிரிதான், ஆனால் ஒரு மணி நேரம் ஓடினாலும் 27-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. தண்ணீர் வரும் பைப்புக்கு அடியில் வைத்த வாளி விடிவதற்குள் நிரம்பி வழிகிறது. மெக்கானிக் வந்து கை வைத்துப் பார்த்தார். காற்று போதிய அளவு சில்லென்று இல்லை, கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போனார். எந்த மாற்றமும் தெரியவில்லை. 2 டன் ஏசியாக மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மாற்றலாமா? 16 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிருமா? டிரை மோடு என்று ஒன்று இருக்கிறதே, அதை இரவு முழுக்க ஓட விடலாமா?

பதில்: வாளி நிரம்பி வழிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான். ஏசி வேலை செய்கிறதா இல்லையா என்பதற்கு மழைக்காலத்தில் அந்த வாளியைவிட நல்ல சாட்சி கிடையாது. உங்கள் மெஷின் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. அதன் சக்தியில் பெரும்பங்கு அறையின் சூட்டைக் குறைப்பதற்குப் போகாமல், காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுப்பதற்குப் போகிறது. அதனால்தான் வெப்பமானி நகர மறுக்கிறது. 2 டன் வாங்கும் பேச்சை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள்.

நடப்பது என்ன என்று கணக்கோடு பார்த்துவிடலாம். உங்கள் அறையின் கொள்ளளவு சுமார் 40 கன மீட்டர். அதற்குள் இருக்கும் காற்றின் எடை ஏறக்குறைய 46 கிலோ. வறண்ட நாளில் 32 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தக் காற்றில் ஆவியாகக் கலந்திருக்கும் தண்ணீர் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதமாக இருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். கண்ணுக்குத் தெரியாமல் உங்கள் படுக்கையறைக் காற்றுக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் நிற்கிறது. 25 டிகிரி, 50 சதவீதம் என்ற சுகமான நிலைக்கு அறை வர வேண்டுமானால் அதில் பாதியை வெளியே எடுத்தாக வேண்டும். வறண்ட நாளிலோ ஒன்றிரண்டு கரண்டி தண்ணீர் வெளியேறினாலே போதும்.

ஆவியாக இருக்கும் தண்ணீரை மறுபடி தண்ணீராக்குவது லேசான வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்பீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது வாங்கிக்கொண்ட வெப்பம் முழுவதையும், மறுபடி தண்ணீராகும்போது விட்டுவிடும். ஒரு லிட்டருக்கு அது சுமார் 2,430 கிலோஜூல். 46 கிலோ காற்றை 7 டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 330 கிலோஜூல் எடுத்தால் போதும். அதே காற்றிலிருந்து அரை லிட்டர் தண்ணீரைப் பிரிக்கவோ 1,200 கிலோஜூலுக்கு மேல் எடுக்க வேண்டும். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இந்த வேலை எதுவும் வெப்பமானியில் தெரியாது. காற்றின் சூடு ஒரு டிகிரிகூட இறங்காமலே இவ்வளவு வெப்பமும் வெளியேறிப்போகும்.

இது காற்றின் கணக்கு மட்டும்தான். சுவர், தளம், மெத்தை, அலமாரி எல்லாம் சேர்த்துக்கொண்டிருக்கும் சூடு இதைவிட மிக அதிகம், ஏசிக்கு அதுதான் பெரிய சுமை. ஆனால் அந்தச் சுமை வறண்ட நாளிலும் இருக்கிறது, ஈரமான நாளிலும் இருக்கிறது. உங்கள் இருபது நிமிடத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் நடுவில் வித்தியாசமாக வந்து உட்கார்ந்திருப்பது தண்ணீர். அதுவும் காற்றில் மட்டும் இல்லை. மெத்தை, தலையணை, திரைச்சீலை, அலமாரித் துணி, காகிதம், பலகை என்று எல்லாமே மழை மாதங்களில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. ஏசி காற்றை உலர்த்த ஆரம்பித்ததும் இவை ஒவ்வொன்றும் தன்னிடம் இருப்பதை மெல்லக் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் பல நாள் பூட்டிக் கிடந்த அறையில் முதல் இரவு ஏசி போட்டால் விடிய விடியப் புழுக்கம் போவதில்லை, அடுத்தடுத்த நாட்களில் சரியாகிவிடுகிறது.

ஏசிக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இண்டோர் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றினால், பின்னால் மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருப்பது தெரியும். அதுதான் கூலிங் காயில். ஓடும்போது அதன் சூடு சாதாரணமாக 8 முதல் 15 டிகிரிக்குள் இருக்கும். 32 டிகிரியும் 70 சதவீத ஈரமும் உள்ள காற்று 26 டிகிரிக்கு வந்தாலே தண்ணீர்விட ஆரம்பித்துவிடும், அதைப் பனிநிலை என்கிறோம். காயில் அதைவிட எவ்வளவோ குளிர்ச்சியாக இருப்பதால், உள்ளே இழுக்கப்படும் காற்று தகட்டைத் தொட்டதும் துளித்துளியாகத் தண்ணீர் படிகிறது. துளிகள் சேர்ந்து தகடு வழியே இறங்கி, கீழே உள்ள தட்டில் விழுந்து, பைப் வழியாக உங்கள் வாளிக்கு வருகின்றன. ஏசி போட்ட உடனே பைப்பில் சொட்டு வராததற்கும் இதுதான் காரணம். தகடுகள் முழுக்க நனைந்து, தட்டில் தண்ணீர் சேர்ந்த பிறகுதான் வெளியே வரும். புழுக்கமான நாளில் ஆரம்ப நேரத்தில் காயில் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீருக்கே போய்விடும்.

பெட்டியில் 1 டன் என்று போட்டிருப்பது பொய்யா என்று உங்களுக்குத் தோன்றலாம். பொய் இல்லை. 1 டன் என்றால் சுமார் 3.5 கிலோவாட் குளிரூட்டும் திறன், சூட்டை இறக்குவதும் தண்ணீரை எடுப்பதும் சேர்ந்த மொத்தம். ஐஎஸ்ஓ 5151 என்ற சர்வதேசத் தரமுறையில் அதை அளக்கும்போது அறைக்காற்று 27 டிகிரி, ஈரக்குமிழ் வெப்பம் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) 19 டிகிரி என்று வைத்து அளக்கிறார்கள். அதாவது ஈரப்பதம் 50 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. உங்கள் அறை இப்போது இருக்கும் நிலை அதற்கு வெகு தூரம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈரமான காற்று வரும்போது ஏசியின் மொத்தத் திறன் குறைவதில்லை, கொஞ்சம் கூடவே செய்கிறது. அந்தத் திறன் எதற்குச் செலவாகிறது என்பதுதான் மாறுகிறது.

வரலாற்றிலும் ஏசி பிறந்தது ஈரத்துக்காகத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் வண்ண அச்சு வேலை தொடர்ந்து கெட்டுக்கொண்டிருந்தது. ஈரமான நாளில் காகிதம் ஊதி, உலர்ந்த நாளில் சுருங்கும். ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காராது. அந்தக் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த கருவியிலிருந்துதான் நவீன ஏசி வளர்ந்தது. எனவே தண்ணீர் எடுப்பதை ஏசியின் உபரி வேலையாக நினைக்காதீர்கள். மனிதனுக்கும் அதுதான் தேவை. நம் உடம்பு வியர்வையை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை போக இடமில்லாமல் தோலிலேயே நிற்கும். 24 டிகிரி காட்டும் அறையில் கசகசவென்று இருப்பதும், 26 டிகிரியும் 50 சதவீத ஈரமும் உள்ள அறையில் போர்வையைத் தேடுவதும் இதனால்தான்.

அதனால் முதலில் ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். ஏசி காற்று நேராகப் படாத இடமாக, படுக்கும் உயரத்தில் இருக்கட்டும். பெரும்பாலான ஏசிகள் வெப்பத்தை மட்டுமே உணர்கின்றன, ரிமோட்டிலும் அது மட்டுமே தெரியும். இனிமேல் நீங்கள் இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஏசி போட்ட முதல் அரை மணியில் டிகிரி மெதுவாக இறங்கும், ஆனால் சதவீதம் 70-லிருந்து 60-க்கு வந்துகொண்டிருக்கும். அதைக் கண்ணால் பார்த்தாலே, மெஷின் சும்மா இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். 60-க்குக் கீழே வந்து 50-ஐ ஒட்டி நின்றால் நல்லது. 60-க்கு மேலே நிரந்தரமாக நின்றால் அலமாரியின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும்.

கூடவே ஒரு சோதனை. ஏசி ஓட ஆரம்பித்து அரை மணி ஆன பிறகு, வாளியை எடுத்துவிட்டு அளவுக்கோடு போட்ட ஒரு கோப்பையைப் பைப்புக்குக் கீழே பிடியுங்கள். அடுத்த அரை மணியில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்று பாருங்கள். 600 மில்லி சேர்ந்தால், மணிக்கு 1.2 லிட்டர். அதற்கு மட்டும் சுமார் 0.8 கிலோவாட் குளிரூட்டல் செலவாகிறது, உங்கள் 1 டன்னில் கிட்டத்தட்ட கால் பங்கு. நள்ளிரவில் இதையே திரும்பச் செய்து பாருங்கள். அறை நன்றாக மூடியிருந்தால் அளவு கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவே இல்லை என்றால், புதிய ஈரம் எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் வாளி விடியும்வரை நிற்காமல் நிறைந்து வழிகிறது என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் பலமாக இருக்கிறது. நான் முதலில் கேட்பது படுக்கையறையை ஒட்டிய குளியலறையைப் பற்றி. அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா? அதன் கதவு திறந்திருக்கிறதா, அல்லது அடியில் பெரிய இடைவெளி இருக்கிறதா? ஒரு சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் மணிக்கு 120 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளுகிறது என்று வைத்தால், உங்கள் அறையின் காற்று முழுவதும் ஒரு மணி நேரத்தில் மூன்று முறை வெளியே போய்விடும். அதற்கு ஈடாக ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, ஏசி பைப்புக்காகப் போட்ட ஓட்டை என்று எல்லா வழியிலும் வெளிக்காற்று உள்ளே வரும். ஒவ்வொரு முறையும் ஏசி பிழிந்தெடுக்க வேண்டிய அரை லிட்டர் கூடுதல் தண்ணீரோடு வரும். மூன்று முறைக்கு ஒன்றரை லிட்டர். அதை எடுக்க மட்டும் ஏசியின் திறனில் ஒரு கிலோவாட் போய்விடும், அந்தக் காற்றைக் குளிர்விப்பது தனி. ஒருவர் குளித்துவிட்டு ஃபேனைப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார், ஏசி விடிய விடிய அதனுடன் போராடுகிறது. புழுக்கமான மாதங்களில் ஏசி குளிரவில்லை என்று வரும் புகார்களில் நான் கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டுவதற்கு முன்னால் இதைத்தான் பார்ப்பேன். குளித்தபின் குளியலறைக் கதவை மூடி, பதினைந்து இருபது நிமிடம் ஃபேனை ஓட விட்டு, அப்புறம் மறக்காமல் நிறுத்துங்கள்.

அடுத்து துணி. மழை பெய்கிறது, காயப்போட இடமில்லை, ஏசி அறையில் கொடி கட்டிவிடுகிறார்கள். துணி சீக்கிரம் காய்கிறது என்பது உண்மைதான், அந்தத் தண்ணீர் முழுக்க ஏசி வழியாகத்தானே வெளியே போக வேண்டும்? மெஷினில் நன்றாகப் பிழிந்த துணியில்கூட, உலர்ந்த எடையில் பாதி அளவுக்குத் தண்ணீர் நிற்கும். நான்கு கிலோ துணி என்றால் இரண்டு லிட்டர். வேறு அறை இருந்தால் அங்கே மின்விசிறிக்குக் கீழே காயப்போடுங்கள். வழியே இல்லை என்றால் பகலில் ஏசி அறையில் காயவைத்து, படுக்கும் நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

மனிதர்களும் ஈரம் விடுகிறோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மூச்சும் தோலும் சேர்ந்து மணிக்கு 50 மில்லி அளவில் தண்ணீரைக் காற்றுக்குக் கொடுக்கும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் ஏசி காற்று வறட்சி என்று எங்கோ கேட்டு, புழுக்கமான மாதத்திலும் அறையில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை எடுத்துவிடுங்கள். ஏர் கூலரையும் ஏசியையும் ஒரே அறையில் சேர்த்து ஓட்டவே கூடாது. கூலர் தண்ணீரை ஆவியாக்குகிறது, ஏசி அதே ஆவியைத் தண்ணீராக்குகிறது. இரண்டுக்கும் மின்சாரம் நீங்கள் கொடுக்கிறீர்கள்.

விடிகாலையில் ஜன்னலைத் திறந்து வைக்கும் பழக்கம் உண்டா? சில்லென்ற காற்று, அறைக்கு நல்லது என்று எல்லோரும் நினைப்பதுதான். ஈரப்பதச் சதவீதம் இங்கேதான் ஏமாற்றும். காலை 24 டிகிரியில் 90 சதவீத ஈரம் இருந்தால், ஒரு கிலோ காற்றில் சுமார் 17 கிராம் தண்ணீர். மதியம் 32 டிகிரியில் 50 சதவீதம் என்றால் 15 கிராம். உடம்புக்கு இதமாகத் தெரியும் காலைக் காற்றில்தான் தண்ணீர் அதிகம். நீங்கள் இரவெல்லாம் கரண்ட் செலவழித்து உலர்த்திய மெத்தையும் திரைச்சீலையும் அதைத் திரும்பக் குடித்துவிடும். அறைக்குக் காற்றோட்டம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மூடிய அறையில் பலர் படுக்கும்போது அது அவசியமும்கூட. மழை மாதங்களில் அதைக் கொஞ்ச நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் திறந்து போட வேண்டாம்.

இனி 2 டன் பேச்சுக்கு வருகிறேன். 144 சதுர அடி அறைக்கு 2 டன் போட்டால் வெப்பமானி நிச்சயம் வேகமாக இறங்கும். சிக்கலே அங்கேதான். பெரிய மெஷின் சில நிமிடங்களில் 25-ஐத் தொட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று கம்ப்ரசரை நிறுத்திவிடும் அல்லது வேகத்தை அடியோடு குறைத்துவிடும். தண்ணீரை எடுக்க அதற்கு நேரமே கிடைத்திருக்காது. ஈரம் வெளியேற காயில் குளிர்ச்சியாகவும் நனைந்தும் தொடர்ந்து ஓட வேண்டும். கம்ப்ரசர் நின்றபின் உள் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பிவிடும். 25 டிகிரி, 70 சதவீதம், பிசுபிசுவென்ற படுக்கை. அதன்பிறகு நீங்கள் 22-க்கு இறக்குவீர்கள், அப்புறம் 20-க்கு. அந்தக் குளிரில் சுவரும் கண்ணாடியும் பனிநிலைக்குக் கீழே போய் வியர்க்க ஆரம்பிக்கும். மேல் மாடியில் நேர் வெயில் படும் தளமோ, மேற்குச் சுவரில் பெரிய ஜன்னலோ இருந்தால் 1.5 டன் வரை யோசிக்கலாம். ஆனால் வறண்ட நாட்களில் இருபது நிமிடத்தில் குளிர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அறைக்கு அந்த மெஷின் போதும்.

16 டிகிரி வைத்தால் காயில் அதிகம் குளிராது. 24 வைத்தாலும் 16 வைத்தாலும், அறை அந்த எண்ணை நெருங்கும்வரை கம்ப்ரசர் ஏறக்குறைய முழு வேகத்தில்தான் ஓடும். 16-ல் வைத்தால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். நள்ளிரவில் குளிர் தாங்காமல் எழுந்து அணைப்பீர்கள், ஒரு மணி நேரத்தில் புழுக்கம் திரும்பிவிடும்.

நான் செய்யச் சொல்வது இது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஜன்னல், கதவு, குளியலறைக் கதவு எல்லாவற்றையும் மூடிவிட்டு, 25 டிகிரியில், ஃபேன் வேகத்தை அதிகத்தில் வைத்துப் போடுங்கள். சீலிங் ஃபேனும் மெதுவாகச் சுற்றட்டும். 26-ஐ நெருங்கியதும் ஏசியின் ஃபேன் வேகத்தைக் குறைந்த அளவுக்கு மாற்றுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை, ஆனால் புழுக்கத்துக்கு இதுதான் மருந்து. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் காற்று காயிலோடு அதிக நேரம் ஒட்டி நிற்கும், காயிலும் இன்னும் குளிரும், தண்ணீர் அதிகமாகப் பிரியும். இன்வெர்ட்டர் ஏசியில் இது இரண்டு மடங்கு முக்கியம். இரவில் கம்ப்ரசர் வேகம் குறைந்திருக்கும்போது ஃபேன் மட்டும் வேகமாக ஓடினால், காயில் பனிநிலையை ஒட்டி வெதுவெதுப்பாகிவிடும். காற்று வரும், ஆனால் தண்ணீர் பிரிவது ஏறக்குறைய நின்றுவிடும். ஈரம் 55-க்கு வந்தபின் 26 அல்லது 27-க்கு ஏற்றிப் பாருங்கள். சீலிங் ஃபேன் காற்று உடம்பில் படும்போது இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே தோன்றும். ஃபில்டரை இந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று போவது தேவைக்கும் கீழே குறைந்து, காயிலில் ஐஸ் கட்டிவிடும். மெதுவான ஃபேன் வேறு, அடைத்த ஃபில்டர் வேறு.

டிரை மோடு கெட்டது இல்லை, ஆனால் அதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். அதில் ஃபேன் மிக மெதுவாக ஓடும், கம்ப்ரசரும் விட்டுவிட்டு அல்லது குறைந்த வேகத்தில் ஓடும். அறை ஏற்கெனவே 26, 27 டிகிரியில் இருந்து, ஈரம் மட்டும் 70-க்கு மேலே நிற்கும் மழை நாள் இரவுக்கு அது பொருத்தமானது. 32 டிகிரியில் கொதிக்கும் அறையில் முதல் வேலையாக டிரை போட்டால் சூடும் இறங்காது, ஈரமும் வேகமாகப் போகாது. முதலில் கூல், அப்புறம் வேண்டுமானால் டிரை. இரவு முழுக்க ஓடுவதால் மெஷினுக்குக் கெடுதல் எதுவும் இல்லை. சில மாடல்களில் டிரை மோடில் டிகிரியை மாற்ற முடியாது, குழந்தைகளோ வயதானவர்களோ படுத்திருந்தால் அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

காலையில் அணைத்தபின் சில ஏசிகள் தானாகவே ஃபேனைச் சிறிது நேரம் ஓட்டி காயிலை உலர்த்தும். அந்த ஈரம் அறைக்குத்தான் வரும், ஆனாலும் அதை நிறுத்தி வைக்காதீர்கள். காயிலில் பூஞ்சை பிடித்து நாற்றம் வருவதை அதுதான் தடுக்கிறது.

கடைசியாக அந்த கேஸ் விஷயம். எனக்கு இதில்தான் வருத்தம். கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது வேலையே இல்லை. காற்று சில்லென்று இல்லை என்பதும் சாட்சியாகாது. வறண்ட நாளில் ஏசிக்குள் போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 12 டிகிரிக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கும். புழுக்கமான நாளில் நல்ல மெஷினிலேயே அது 8 டிகிரி அளவுக்கு வந்துவிடும், மீதித் திறன் தண்ணீருக்குப் போய்விட்டதே. கேஜில் தெரியும் அழுத்தமும் அறையின் ஈரத்தைப் பொறுத்து மாறும். அதனால்தான் இந்தத் தொழிலில் பயன்படுத்தும் பல சார்ஜிங் (கேஸ் நிரப்பும்) அட்டவணைகள் வெளிக்காற்றின் சூட்டோடு அறையின் ஈரக்குமிழ் வெப்பத்தையும் கேட்கின்றன. அதை அளக்காமல் கையை வைத்துப் பார்த்து முடிவு செய்தால், சரியாக இருந்த மெஷினில் கேஸ் அதிகமாகிவிடும். அதிகமானால் அழுத்தம் ஏறும், கரண்ட் கூடும், கம்ப்ரசருக்குள் திரவமாகவே போய் அதைக் கெடுக்கவும் வாய்ப்பு உண்டு.

உண்மையிலேயே கேஸ் குறைந்தால் அறிகுறிகள் வேறு. புழுக்கமான நாளில் முக்கால் மணி ஓடியும் பைப்பில் தண்ணீர் சரியாக வராது. காயிலின் ஒரு பகுதி மட்டும் நனைந்து மீதி காய்ந்து கிடக்கும், அல்லது ஒரு மூலையில் ஐஸ் படியும். அவுட்டோர் யூனிட்டுக்குப் போகும் இரண்டு செம்புக் குழாய்களில் மெல்லியதில் ஐஸ் கட்டும், தடித்தது வியர்க்காமல் வெதுவெதுப்பாக இருக்கும். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். உங்கள் கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

ஆகவே இப்போது உங்கள் மெஷினில் தேவைக்கு அதிகமாக கேஸ் இருக்கலாம் என்றுதான் சந்தேகிக்கிறேன். வேறு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இருப்பதை முழுக்க வெளியே எடுத்து, வேக்குவம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து), எடைபோட்டு நிரப்பச் சொல்லுங்கள். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆர்32 அல்லது ஆர்410ஏ என்று கேஸின் பெயரும், எத்தனை கிராம் என்ற அளவும் எழுதியிருக்கும். தராசு கொண்டுவருவாரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கேஜ் போதும் என்று சொல்பவர் வேண்டாம்.